பெட்டிக்குக் கணக்கு உண்டு. ஆளுக்குக் கணக்கு எங்கே?

வெடி விபத்து நடந்ததும் முதலில் எழும் கேள்வி ஒன்றே. "உள்ளே எத்தனை பேர்?" இந்தக் கேள்விக்குப் பல ஆலைகளில் சட்டென்று பதில் கிடைப்பதில்லை. ஏன்?

பொழுது விடிந்தால் போதும். ஆலங்குளம் சாலையில் வேன்களும் பஸ்களும் வந்து நிற்கும். தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி பெண்கள் ஏறுவார்கள். ஆண்களும் ஏறுவார்கள். இடம் பிடித்து உட்காருவதற்குள் வண்டி புறப்பட்டுவிடும்.

பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் இவர்கள். மாலையில் அதே வண்டியில் திரும்பி வருவார்கள். கையிலும் முகத்திலும் அலுமினியத்தூள் வெள்ளி போல மின்னும்.

காலையில் போனவள் எந்த ஆலைக்குப் போனாள்? வீட்டில் உள்ளவர்களுக்கு ஒருவாறு தெரியும். எத்தனையாம் நம்பர் அறையில் உட்கார்ந்தாள்? தெரியாது. அந்த அறையில் அவளோடு எத்தனை பேர் இருந்தார்கள்? அதுவும் தெரியாது.

வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். ஆலைக்காவது தெரியுமா? இதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டு ஆலைகள்

விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருக்கிறது ஆலங்குளம். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆலை என்றதும் இரண்டு ஞாபகம் வரும்.

ஒன்று, அரசு சிமெண்டு ஆலை. இது 1970-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1976-இல் தமிழ்நாடு சிமெண்டு கழகம் ஏற்பட்டபோது அதன் கைக்கு வந்தது.

இன்னொன்று, சுற்றுவட்டாரத்தில் பரவிக் கிடக்கும் பட்டாசு ஆலைகள். இவற்றின் கதை சிவகாசியில் தொடங்குகிறது. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் சிவகாசியில் இருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். முதலில் தீப்பெட்டி, 1940-க்குப் பிறகு பட்டாசு. இப்படி வளர்ந்ததுதான் இந்தத் தொழில். இன்று விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இங்கே இருந்துதான் போகிறது. மழை பொய்த்த கரிசல் பூமிக்குச் சோறு போட்டது இந்தத் தொழில் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், சிமெண்டு மூட்டைக் கணக்கில் பிழை வந்தால் பெரும்பாலும் பணம்தான் நஷ்டமாகும். பட்டாசு ஆலையில் கணக்குப் பிழை உயிரையே வாங்கிவிடும்.

அது எப்படி? ஒரு புஸ்வாணம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் விளங்கும்.

ஒரு புஸ்வாணம், எட்டு நோட்டு

முதலில் சரக்கு வாங்க வேண்டும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத்தூள், காகிதக் கூடு, திரி, அட்டைப் பெட்டி எல்லாம் வெளியில் இருந்து வருகின்றன. இதற்கு ஒரு கொள்முதல் நோட்டு.

வந்த சரக்கு குடோனில் இறங்கும். இதற்கு இருப்பு நோட்டு.

காலையில் மருந்து கலக்கும் அறைக்குச் சரக்கு எடுத்துக் கொடுப்பார்கள். எத்தனை கிலோ கொடுக்கப்பட்டது? இதற்கு ஒரு நோட்டு.

கலந்த மருந்து, கூடுகளில் செலுத்தும் அறைகளுக்குப் போகும். அங்கே உட்கார்ந்து வேலை செய்பவர்கள் யார் யார்? இதற்கு ஆஜர் நோட்டு.

பல வேலைகளுக்குத் தினக்கூலி கிடையாது, பீஸ் ரேட்டுதான். எத்தனை குரோஸ் முடித்தார்களோ அத்தனைக்குக் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144. இதற்குக் கூலி நோட்டு.

முடிந்த சரக்கு காய்ந்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடைந்து, மேகசின் என்று சொல்லப்படும் தனிக் கிடங்குக்குப் போகும். இதற்கும் நோட்டு. பிறகு லாரி. அதற்கு பில்.

கடைசியாக, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த ஆர்டர். வடநாட்டு வியாபாரி எத்தனை பெட்டி கேட்டார்? என்று அனுப்ப வேண்டும்? இதற்கு ஆர்டர் நோட்டு.

ஆக, ஒரு சிறு புஸ்வாணத்துக்குப் பின்னால் எட்டு நோட்டுகள் இருக்கின்றன. எட்டையும் எழுதுகிறவர்கள் ஒருவரல்லர். ஆர்டர் நோட்டு சிவகாசியில் உள்ள ஆபீசில் இருக்கும். ஆஜர் நோட்டு காட்டுக்குள் இருக்கும் ஆலையில், கணக்குப்பிள்ளை கையில் இருக்கும். கொள்முதல் நோட்டு முதலாளியின் மேஜையில் இருக்கும்.

எட்டு நோட்டும் ஒன்றோடு ஒன்று பேசுகின்றனவா? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அடுப்படியில் நடக்கும் பாடம்

படித்தவர்கள் இதைத் "தகவல் அமைப்பு" என்று சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத் தலைவியும் தினமும் நடத்துவது இதுதான்.

நாளைக்கு விருந்தாளி நாலு பேர் வருகிறார்கள் என்று தெரிகிறது. உடனே அவள் அரிசிப் பானையைத் திறந்து பார்க்கிறாள். பால்காரரிடம் கூடுதலாகப் பால் சொல்கிறாள். மளிகைக் கடைப் பற்று எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கிறாள். கையில் உள்ள பணத்தைக் கணக்கிடுகிறாள். பாயும் தலையணையும் போதுமா என்று யோசிக்கிறாள். விருந்தாளி வருகிறார் என்ற ஒரே செய்தி, அவள் மனதில் ஐந்து கணக்குகளைத் திருத்திவிடுகிறது.

கம்பெனியில் இந்த ஐந்து வேலைகளையும் ஐந்து பேர் பார்க்கிறார்கள். ஆகவே ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிய ஒரு ஏற்பாடு வேண்டும். ஒரு இடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் கணக்கு மாற வேண்டும். அந்த ஏற்பாடுதான் தகவல் அமைப்பு.

தேநீர்க் கடையில் பிறந்த யந்திரம்

வியாபாரக் கணக்குக்காகக் கணினியை முதன்முதலில் தாமே கட்டியவர்கள் யார் தெரியுமா? பெரிய பீரங்கித் தொழிற்சாலைக்காரர்கள் இல்லை. இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய லையன்ஸ் என்ற கம்பெனியார்!

லண்டனிலும் பிற ஊர்களிலும் அவர்களுக்கு ஏராளமான கடைகள் இருந்தன. கேக்கும் ரொட்டியும் பன்னும் தங்கள் சொந்த அடுப்பில் சுட்டு அனுப்பினார்கள். எந்தக் கடைக்கு எத்தனை பன்? மாவு எவ்வளவு? செலவு என்ன? கணக்கெழுதவே ஒரு பட்டாளம் தேவைப்பட்டது.

ஆகவே "லியோ" என்று ஒரு கணினியைத் தாங்களே செய்தார்கள். 1951 நவம்பரில் அது அடுமனைக் கணக்கைப் போடத் தொடங்கியது. பிறகு சம்பளக் கணக்கையும் கடைகளின் ஆர்டரையும் அதனிடம் விட்டார்கள். ஒரு கடையின் தலைவி மறுநாள் தேவையில் உள்ள மாறுதலைத் தொலைபேசியில் சொல்லுவாள். அந்த ஒரு தகவலில் இருந்தே எவ்வளவு சுட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும், எந்த வண்டியில் ஏற்ற வேண்டும், செலவு எவ்வளவு என்ற விவரம் எல்லாம் வெளிவரும்.

அன்று ஒரு பெரிய அறை நிறைய யந்திரம் வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை ஒரு சாதாரணக் கணினி செய்துவிடும். சிவகாசியிலும் கணினி இல்லாத ஆபீசைக் காண்பது அரிது. ஆனால் அந்தக் கணினி எதை எண்ணுகிறது?

டில்லி வரை போகும் கணக்கு

சரக்கைப் பொறுத்தவரை கணக்கு வெகுதூரம் முன்னேறிவிட்டது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-இல் ஈ-வே பில் வந்தது. பொதுவாக 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு லாரியில் ஏறினால், அதன் விவரத்தைக் கணினியில் பதிந்தாக வேண்டும். யார் அனுப்பினார், யாருக்கு அனுப்பினார், எந்த லாரியில் போகிறது, சரக்கின் மதிப்பு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். வழியில் லாரியை நிறுத்தினால் அதிகாரி ஒரு நொடியில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்தது பசுமைப் பட்டாசு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. புகையும் சத்தமும் குறைந்த பட்டாசுகளுக்கே அனுமதி என்றும், பேரியம் உப்பு கலக்கக் கூடாது என்றும் அது சொன்னது. அதன் பிறகு, நீரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறையில் பசுமைப் பட்டாசுகள் வந்தன. பெட்டியின் மேல் கியூ.ஆர். கோடு என்னும் கட்டக் குறியும் வந்தது. செல்பேசியைக் காட்டினால் பட்டாசின் பூர்வீகம் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

2025 தீபாவளியின்போது டில்லியில் சில நாட்களுக்கு மட்டும் பசுமைப் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. அப்போதும் இந்தக் கட்டக் குறியைச் சோதிக்க வேண்டும் என்றே சொல்லப்பட்டது.

ஆக, பெட்டி போன இடத்தை டில்லி வரைக்கும் கண்டுபிடிக்கலாம். அந்தப் பெட்டியைச் செய்தவள் அன்று எந்த அறையில் இருந்தாள் என்பதைப் பத்து ஏக்கர் ஆலைக்குள் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆளின் கணக்கு பல இடங்களில் இன்னும் நாற்பது பக்க நோட்டில்தான் இருக்கிறது. சில இடங்களில் அதுவும் இல்லை.

மூன்று கறுப்பு நாட்கள்

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி. பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியதில் சுமார் 40 உயிர்கள் போயின. ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டும் சாகவில்லை. புகையைப் பார்த்து உதவிக்கு ஓடியவர்களும், வேடிக்கை பார்க்கப் போனவர்களும் சிக்கிக்கொண்டார்கள்.

2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆலையின் அறைகள் உள்குத்தகைக்குப் பலரிடம் விடப்பட்டிருந்ததாகச் செய்திகள் வெளியாயின.

2024 பிப்ரவரி 17. வெம்பக்கோட்டை அருகே இராமுதேவன்பட்டி. 10 பேர் இறந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். ஆம்புலன்ஸ் ஓடும். உறவினர்கள் வாசலில் நின்று பெயர் சொல்லி அழுவார்கள். தீயணைப்பு வீரர்கள் இடிபாட்டைக் கிளறுவார்கள். எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் தேடுவது எளிது. எண்ணிக்கை தெரியாவிட்டால் எப்போது தேடலை நிறுத்துவது?

உள்குத்தகை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை வாடகைக்கு எடுத்து வேலை நடத்துவோர் வேறு சிலர். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆள் கூட்டி வருவார்கள். தனித்தனியாக மருந்து வாங்குவார்கள். அவர்களுடைய நோட்டு அவர்களுடைய பையில் இருக்கும். ஒரே வேலிக்குள் ஐந்து கம்பெனிகள் நடக்கும். ஒன்றுக்கு மற்றொன்று என்ன செய்கிறது என்று தெரியாது. சட்டம் இதை அனுமதிக்கவில்லை. காகிதத்தில் ஒரு ஆலை, காட்டில் ஐந்து ஆலை என்றால், அதிகாரி பார்க்கும் கணக்கு எதற்கு உதவும்?

ஆர்டர் பெரிதா, அறை பெரிதா?

இனி, விபத்துக்கு முன்னால் நடப்பதைப் பார்ப்போம். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம்.

மருந்து கையாளும் ஒரு அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த விதி இது. ஒரு ஆலையில் இப்படி 30 அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 120 பேர்தான் வேலை செய்யலாம்.

ஆடிப் பெருக்கு அன்று பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குவது சிவகாசி வழக்கம். அதற்குப் பிறகு தீபாவளி வரை ஆர்டருக்குக் குறைவிருக்காது. ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் ஆர்டரை வாங்கிக்கொண்டே இருப்பார். அந்த ஆர்டரை நாள் தவறாமல் முடிக்க 180 பேர் வேண்டும் என்று வையுங்கள்.

மீதி 60 பேர் எங்கே உட்காருவார்கள்?

நாலு பேர் அறையில் ஆறு பேர் உட்காருவார்கள். சிலர் அறைக்கு வெளியே நிழலில் உட்காருவார்கள். சிலர் மரத்தடிக்குப் போவார்கள். உராய்வில் ஒரு பொறி பட்டால் நாலு பேருக்குப் பதில் பத்துப் பேருக்கு ஆபத்து.

60 பேரை நெருக்கி உட்கார வைத்தவர் யார்? போர்மேனா? அவர் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆர்டரை வாங்கியபோதே அந்த நெருக்கடி தொடங்கிவிட்டது. ஆர்டர் எழுதியவருக்கு அறைக் கணக்கு தெரியாது. தெரிந்தாலும் அதைப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை.

இரண்டு நோட்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தால் என்ன ஆகும்? ஆர்டரைப் பதியும்போதே, "இந்தத் தேதிக்குள் முடியாது, 60 பேருக்கு அறை இல்லை" என்று கணக்கு சொல்லிவிடும். தேதியைத் தள்ளலாம், ஆர்டரைக் குறைக்கலாம், அல்லது சித்திரை, வைகாசியிலேயே வேலையைப் பகிர்ந்து வைக்கலாம். முடிவு முதலாளியின் கையில் இருக்கும். ஆனால், "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது.

மூன்று கிலோ எங்கே போயிற்று?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இது மருந்துக் கணக்கு.

காலையில் கலந்த மருந்தை அன்றே செலுத்தித் தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. அலுமினியத்தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். முந்தின நாள் மிச்சத்தை மறுநாள் காலையில் தொடும்போது வெடித்த விபத்துகள் பல.

குடோனில் இருந்து 20 கிலோ கொடுத்ததாக இருப்பு நோட்டு சொல்லுகிறது. முடிந்த சரக்கைக் கணக்குப் பார்த்தால் 17 கிலோதான் வருகிறது. மீதி 3 கிலோ எங்கே?

இரண்டு நோட்டையும் மாலையில் ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த மூன்று கிலோவை அன்றைக்கே தேடலாம். ஒப்பிடாவிட்டால், மறுநாள் காலையில் அது தானே தன் இருப்பிடத்தைக் காட்டிவிடும்!

கொள்முதல் நோட்டும் அப்படியே. பேரியம் விஷயத்தில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. தடை செய்யப்பட்ட பேரியம் உப்பு பயன்பட்டிருக்கிறது என்றும், பெட்டியின் மேல் ஒட்டிய விவரம் உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றும் அறிக்கை வந்ததை 2021 செப்டம்பரில் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. வாங்கிய சரக்கின் நோட்டையும் ஒட்டிய லேபிளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட பொய் அதிக நாள் நிற்காது.

முதலாளியின் பக்கம்

முதலாளிகள் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது.

எல்லா ஆலையும் பெரிய ஆலை ஆகாது. "நாக்பூர் லைசென்ஸ்" வாங்கிய பெரிய ஆலைகள் உண்டு. "டி.ஆர்.ஓ. லைசென்ஸ்" என்று சொல்லப்படும், ஒரு நேரத்தில் 15 கிலோ வரை மட்டுமே அனுமதி உள்ள சிறு ஆலைகளும் உண்டு. சிறிய முதலாளி கணினிக்கும் அதற்கு ஒரு ஆளுக்கும் சம்பளம் கொடுக்க முடியுமா? ஒரு ஆண்டு கோர்ட்டுத் தடை, மறு ஆண்டு மழை, அடுத்த ஆண்டு வட மாநிலத்தில் தடை. தொழில் நடக்குமா நடக்காதா என்றே தெரியாதபோது யார் புதுச் செலவு செய்வார்கள்?

தொழிலாளி பக்கமும் ஒரு குறை உண்டு. பீஸ் ரேட்டில் அதிகம் முடித்தால் அதிகக் கூலி. ஆகவே விதியை மீறி மருந்தை அதிகமாக எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றும். பெயரைப் பதிந்தால் வைப்பு நிதிக்குப் பணம் பிடிப்பார்கள் என்று, நோட்டில் பெயர் இல்லாமல் இருப்பதையே சிலர் விரும்புகிறார்கள்.

அரசாங்கத்தின் நோட்டுகள் மட்டும் பேசிக்கொள்கின்றனவா? வெடிபொருள் பாதுகாப்புத் துறைக்கு ஒரு கோப்பு. தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு கோப்பு. வருவாய்த் துறைக்கு ஒன்று. போலீசுக்கு ஒன்று. தீயணைப்புத் துறைக்கு ஒன்று. ஒரு துறை கண்ட குற்றம் மற்றத் துறைக்குத் தெரிய நாளாகிறது. ஆலைக்குச் சொல்லும் புத்தி அரசுக்கும் பொருந்தும்.

பித்தளை வில்லை

செலவு அதிகம் என்பதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஆள் கணக்கை வைத்துக்கொள்ளக் கணினியே வேண்டியதில்லை!

கணினி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள் இந்தப் பிரச்சினைக்கு வழி கண்டார்கள். இங்கிலாந்தில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை உண்டு. இறங்கும்போது வில்லை ஒரு இடத்துக்குப் போகும். ஏறி வந்ததும் திரும்பி வரும். விபத்து என்றால் பலகையைப் பார்த்தால் போதும். எந்த நம்பர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், பூமிக்கு அடியில் இருப்போர் பெயர் எந்த நேரமும் தெரியும்படி பதிவேடு வைக்க வேண்டும் என்றது. பூமிக்கு அடியில் செல்லும் பொருள், பூமிக்கு மேல் மருந்து அறையில் செல்லாமல் போகுமா?

ஒவ்வொரு அறை வாசலிலும் நாலே நாலு ஆணி. அறைக்குள் போகிறவர் தன் வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். நாலு ஆணியும் நிரம்பினால் ஐந்தாமவருக்கு இடமில்லை. பித்தளையோ அட்டையோ, செலவு சொற்பம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்ததும் புரிந்துகொள்ளலாம்.

மருந்து இருக்கும் அறைக்குள் செல்பேசியைக் கொண்டு போகக் கூடாது. ஆகவே கணினியைக் கேட்டில் உள்ள ஆபீசில் வைத்துக்கொள்ளலாம். அறை வாசல் ஆணியில் உள்ள எண்ணிக்கையைக் காலையிலும் உச்சியிலும் மாலையிலும் அங்கே பதிந்துவிடலாம். அதே பதிவு கூலிக் கணக்குக்கும் உதவும். மருந்துக் கணக்குக்கும் உதவும். ஆர்டர் வாங்குகிறவருக்கும் உதவும். முக்கியமாக, அந்தப் பதிவு வேலிக்கு வெளியேயும் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஆலையோடு நோட்டும் எரிந்துவிட்டால் பயன் என்ன?

யந்திரமும் பொய் சொல்லும்

கணினி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. 6 பேர் இருக்கும் அறையில் 4 பேர் என்று பதிந்தால் கணினியும் 4 என்றே சொல்லும். பொய்யை நோட்டில் எழுதினால் ஒரு இடத்தில் பொய். கணினியில் எழுதினால் எல்லா இடத்திலும் பொய்.

ஆகவே எழுதுகிறவர் ஒருவராகவும், சரிபார்ப்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் லாபம் அடைகிறவரிடமே எண்ணும் வேலையைக் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட, எண்ணப்படுகிறவர்கள் கண்ணில் அந்தக் கணக்கு பட வேண்டும். அறை வாசலில் தொங்கும் வில்லையை எந்தத் தொழிலாளியும் பார்த்துக் கேட்கலாம். மேஜை டிராயரில் பூட்டி வைத்த நோட்டை யார் கேட்பது?

ஒரு பெயரின் விலை

நோட்டில் பெயர் இருப்பதால் ஒரு குடும்பத்துக்கு என்ன லாபம்?

ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி வேலையில் நேர்ந்த விபத்தில் இறந்தால், கூலியில் 90 சதவீத அளவுக்கு உதவித்தொகை அவரைச் சார்ந்த குடும்பத்துக்கு மாதந்தோறும் கிடைக்க வழி இருக்கிறது. பெயரே பதியாத தொழிலாளியின் குடும்பம், முதலில் அவர் அந்த ஆலையில் வேலை செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சி யார்? பக்கத்தில் இருந்தவரும் இறந்திருப்பார். முதலாளி தலைமறைவாக இருப்பார். நோட்டு சாம்பலாகியிருக்கும். தாலி இழந்தவள் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்க வேண்டும்.

சம்பளத்தில் பிடிக்கும் சிறு தொகையைப் பார்த்துப் பெயர் பதிய வேண்டாம் என்று சொல்லும் தொழிலாளி, இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சனிக்கிழமை சம்பளம் வரும்போது ஒரு கேள்வி கேட்பது நல்லது: "நோட்டில் உன் பேர் இருக்கிறதா? அறை நம்பர் எழுதியிருக்கிறார்களா?"

ஆலங்குளம் சாலையில் மாலையில் வேன்கள் திரும்பி வரும். பிள்ளைகள் தெருமுனைக்கு ஓடுவார்கள். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, தங்கள் அம்மாவைத் தேடுவார்கள். ஒருத்தி குறைந்தாலும் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆறு வயதுப் பிள்ளை தெருமுனையில் நின்று போடும் அந்தக் கணக்கை, ஆலை வாசலில் பெரியவர்கள் போட்டால் போதும்.